நாள் கணக்கா, மாதச் சம்பளமா?

ஐடி வேலையில் காண்ட்ராக்ட்டுக்குப் போகலாமா, பெர்மனன்ட்டிலேயே இருக்கலாமா என்ற கேள்வி சில இதழ்களாகவே வந்துகொண்டிருக்கிறது. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. அலுவலகத்தில் யாராவது படித்துவிடப் போகிறார்கள் என்று பாதிப் பேர் கவலைப்பட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: ஒன்பது வருடமாக ஒரே நிறுவனத்தில் பேக்கெண்ட் டெவலப்பராக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 52,200. இப்போது கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட்டில் ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி நாளுக்கு 320 தருவதாகச் சொல்கிறது. வருடத்துக்கு 83,520 வருகிறது. 31 ஆயிரத்தைச் சும்மா விடுவதா என்று எனக்குத் தோன்றுகிறது, மனைவி யோசிக்கச் சொல்கிறாள்.

பதில்: எந்த நாட்டு நாணயம் என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, கணக்கு எங்கேயும் ஒன்றுதான். வருடத்தில் 365 நாள், சனி ஞாயிறு 104 போனால் 261, அதை 320-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அதாவது வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்க மாட்டீர்கள், காய்ச்சலே வராது, பொது விடுமுறையன்றும் கிளையன்ட் ஆபீஸ் திறந்திருக்கும், ஒரு காண்ட்ராக்ட் வெள்ளிக்கிழமை முடிந்தால் அடுத்தது திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும். காண்ட்ராக்ட்டில் பல வருடம் ஓட்டிய யாரிடமாவது இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

உங்கள் இப்போதைய சம்பளத்தை அதே 261-ஆல் வகுத்தால் நாளுக்குச் சரியாக 200. ஆனால் அந்த 200 நீங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் நாளுக்கும் வருகிறது. 320 அப்படி வராது. வேலை செய்து, டைம்ஷீட் போட்டு, அதை கிளையன்ட் மேனேஜர் அப்ரூவ் செய்த நாளுக்கு மட்டும்தான் வரும்.

சரி, 261-இலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். பொது விடுமுறை ஒரு 10, சொந்த லீவு 20, உடம்பு முடியாத நாள் 5. ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இன்டர்வியூ, பேக்ரவுண்ட் செக், லேப்டாப் வரும், ஆக்சஸ் வரும் என்று காத்திருப்பது எல்லாம் சேர்த்து 20. புதிதாக எதையாவது படிக்க, சர்டிஃபிகேஷன் எழுத 6. மிச்சம் 200 நாள். 320-ஆல் பெருக்கினால் 64,000. அதில் ஆடிட்டர் கட்டணம், தொழில் காப்பீடு, சொந்த லேப்டாப், லைசென்ஸ் என்று ஒரு 3,000 போனால் கையில் 61,000.

இந்தப் பக்கம் வாருங்கள். 52,200 சம்பளம், ஓய்வூதியத்துக்காக கம்பெனி தன் பங்காகப் போடும் 10 சதவீதம் 5,220, மருத்துவக் காப்பீட்டுக்கு அவர்கள் கட்டுவது 2,580, ஆக மொத்தம் 60,000. பின்னால் சொன்ன இரண்டும் நானாக வைத்துக்கொண்ட எண்கள்தான், உங்கள் பே ஸ்லிப்பை எடுத்து அதில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். போனஸ் இருந்தால் அதையும் சேருங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 31 ஆயிரம் என்று நீங்கள் நினைத்த லாபம் வெறும் ஆயிரத்தில் வந்து நிற்கிறது, அந்த ஆயிரத்துக்காக ஒன்பது வருட சீனியாரிட்டியையும் நோட்டீஸ் பீரியடையும் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

வரி வேறு இருக்கிறது, அது நாட்டுக்கு நாடு மாறும். உதாரணத்துக்கு அமெரிக்காவில் சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரியில் பாதியை, அதாவது 7.65 சதவீதத்தை, கம்பெனி கட்டுகிறது. சுயதொழில் என்று ஆகிவிட்டால் இரண்டு பாதியும் உங்கள் தலையில்தான், 15.3 சதவீதம். செலவுக் கணக்கு காட்டிக் கொஞ்சம் மீட்கலாம், உண்மைதான், ஆனால் நண்பர்கள் சொல்கிற அளவுக்கு மீட்க முடியாது.

இன்னொரு கணக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 60,000-உடன் செலவு 3,000-ஐச் சேர்த்து 320-ஆல் வகுத்தால் 197. வருடத்தில் 197 நாளுக்கு பில் போட முடிந்தால் நட்டமில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் 320 லாபம், கீழே போனால் ஒவ்வொரு நாளும் 320 நட்டம். சில பெரிய கிளையன்ட்கள் டிசம்பரில் பட்ஜெட் தீர்ந்துவிட்டது என்று காண்ட்ராக்டர்களை மட்டும் இரண்டு வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், அதற்கு ஃபர்லோ என்று பெயர் வேறு. அந்த 10 நாளிலேயே 3,200 போய்விடும், நீங்களோ மூன்றே நாள் இடைவெளி வைத்து நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே 320-க்கு வேண்டாம். 400 கேளுங்கள். 400 கிடைத்தால் 160 நாள் மட்டும் வேலை இருந்தாலும் 64,000, செலவு போக 61,000, அப்போதும் இப்போதைய நிலைக்குக் கீழே போகமாட்டீர்கள். 200 நாளும் கிடைத்துவிட்டால் 77,000, அது கிளம்பிப் போகத் தகுந்த தொகை. இப்போதைய ஒரு நாள் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது கிட்டத்தட்ட சமம்தான், இரண்டு மடங்கை நெருங்கும்போதுதான் பேச்சே. அதுவும் ஆறு மாதக் குடும்பச் செலவு தனியாக ஒரு கணக்கில் கிடந்தால். உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: நாள் கணக்கில்தான் சம்பளம். ஆனால் புது வெர்ஷன் வெளியிடும் ரிலீஸ் வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம்?

பதில்: காண்ட்ராக்ட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அத்தனை. பெரும்பாலும் எட்டு மணி நேரம் என்று இருக்கும், இல்லாவிட்டால் 'புரொஃபஷனல் டே' என்று ஒரு மழுப்பலான வார்த்தை இருக்கும், அது இருந்தால் பன்னிரண்டு மணி நேரமும் ஒரு நாள்தான். ஏஜென்சிக்காரர்கள் இதை வேண்டுமென்றேகூட விளக்காமல் விடுவார்கள். இரவு ரிலீஸ், சனிக்கிழமை சப்போர்ட், ஆன்கால் எல்லாம் அடிக்கடி வரும் புராஜெக்ட் என்றால் அடுத்த ரினியூவலில் மணிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் எட்டு மணிக்கு மேல் போனால் எவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதேபோல, அவர்கள் பக்கம் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் இணைப்பு) விழுந்து அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த அரை நாள் யார் கணக்கில் என்றும் கேட்டுவிடுங்கள். இதற்கு மெயிலில் பதில் வாங்குங்கள், போனில் வேண்டாம்.

கேள்வி: காண்ட்ராக்ட்டில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது, இன்னும் ஒரு காசு வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் இப்போதைக்கு அப்படி முடிவு கட்ட வேண்டாம். மார்ச் 1-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முடிந்து 31-ஆம் தேதி இன்வாய்ஸ் போடுவீர்கள். பேமென்ட் டெர்ம் 30 நாள் என்றால் ஏப்ரல் 30, 60 நாள் என்றால் மே 30. யாரும் ஏமாற்றாமலே முதல் பணம் வர மூன்று மாதம் ஆகலாம். இதற்கிடையில் டைம்ஷீட் அப்ரூவ் செய்ய வேண்டிய மேனேஜர் லீவில் போய்விட்டால், அல்லது பர்சேஸ் ஆர்டர் எண்ணில் ஒரு இலக்கம் தவறி இன்வாய்ஸ் திரும்பி வந்துவிட்டால், அந்த மாதச் சுற்று போய்விடும், அடுத்த சுற்றில்தான் சேர்ப்பார்கள். ஒரே ஒரு இலக்கத்துக்காக ஒரு மாதம்.

முதலில் பாருங்கள், கிளையன்ட் எங்களுக்குக் கொடுத்தால்தான் உங்களுக்குக் கொடுப்போம் என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்கள் நிஜமான சிக்கல், ஏனென்றால் நீங்கள் பார்த்தே இராத இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே உள்ள தகராறுக்கு நீங்கள் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை அந்த வரியை எடுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சில இடங்களில் சட்டம் துணைக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உத்தரவுப்படி நிறுவனங்களுக்கு இடையே பணம் கொடுக்கும் கெடு, வேறுவிதமாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, 60 நாளைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாமதமான வணிகக் கடனுக்கு அந்த நாட்டு மத்திய வங்கி வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். கேட்டால் உறவு கெட்டுவிடுமே என்று யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். வட்டியைக் கேட்க வேண்டாம், அந்தச் சட்டத்தின் பெயரை நினைவூட்டல் மெயிலின் கடைசி வரியில் போடுங்கள், அக்கவுண்ட்ஸ் பிரிவில் சற்று வேகம் வரும்.

கேள்வி: ஒரே கிளையன்டிடம் மூன்று வருடமாகக் காண்ட்ராக்டராக இருக்கிறேன். அதே சீட், அதே ஸ்டாண்ட்-அப் மீட்டிங், லீவுக்குக்கூட அவர்கள் மேனேஜரிடம்தான் அனுமதி கேட்கிறேன். டீம் பார்ட்டிக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. எனக்கும் பெர்மனன்ட் ஆட்களுக்கும் என்னதான் வித்தியாசம்?

பதில்: நீங்கள் கேட்டதையே பல நாட்டு வரித்துறைகளும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு எப்போது, எங்கே, எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது யார்? உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பி வேலையை முடித்துக் கொடுக்க முடியுமா? அவர்கள் வேலை கொடுத்தே ஆக வேண்டும், நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இரண்டு பக்கமும் இருக்கிறதா? பிரிட்டனில் பெரும்பாலும் இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் முதல் கேள்விக்கே சிக்கிக்கொள்கிறீர்கள்.

சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்யும் காண்ட்ராக்டர் உண்மையில் ஊழியர்தானா என்று வரிக்காகப் பார்க்கும் விதிக்கு பிரிட்டனில் ஐஆர்35 என்று பெயர், 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முதலில் காண்ட்ராக்டரே தன் நிலையை முடிவு செய்துகொள்ளலாம் என்று இருந்தது, யார்தான் தனக்கு எதிராக முடிவு செய்வார்கள்? 2017 ஏப்ரலில் அரசுத் துறைகளிலும் 2021 ஏப்ரலில் தனியார் துறையிலும் அந்தப் பொறுப்பை கிளையன்ட் பக்கம் தள்ளினார்கள், சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. அப்புறம் என்ன நடந்தது என்றால், வரித்துறையோடு வம்பு எதற்கு என்று பல பெரிய கம்பெனிகள், குறிப்பாக வங்கிகள், சொந்தக் கம்பெனி வைத்திருக்கும் காண்ட்ராக்டர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. விதிக்குள் அகப்பட்டவர்கள் சம்பளக்காரரைப் போல வரி கட்ட வேண்டும், ஆனால் கிளையன்டிடம் லீவும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. இரண்டு பக்கத்திலும் உள்ள கெட்டது மட்டும் அவர்களுக்கு வந்தது.

எதிர்ப்பக்கம் போன கதையும் உண்டு. 1990-களில் மைக்ரோசாஃப்ட்டில் பெர்மனன்ட் ஆட்களுக்கு நீல அடையாள அட்டை, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு அட்டை. ஒரே அறையில் ஒரே வேலையை வருடக் கணக்கில் செய்தார்கள், ஆனால் ஊழியர்களுக்குச் சலுகை விலையில் பங்கு வாங்கும் திட்டம் நீல அட்டைக்கு மட்டும்தான். அமெரிக்க வருமான வரித்துறை இவர்களில் பலர் உண்மையில் ஊழியர்கள்தான் என்று சொன்ன பிறகு ஆரஞ்சு அட்டைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், பல வருட இழுபறிக்குப் பின் 2000-ஆம் ஆண்டின் கடைசியில் சுமார் 9.7 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமானது. இதற்குப் பின் கம்பெனிகள் என்ன கற்றுக்கொண்டன என்று நினைக்கிறீர்கள்? காண்ட்ராக்டரை நிரந்தரமாக்க வேண்டும் என்றா? காலக்கெடு வைத்து, இத்தனை மாதத்துக்குப் பிறகு கட்டாய இடைவெளி என்று விதி போட்டார்கள். பார்ட்டிக்குக் கூப்பிடாமல் விடுவதும் இந்த ஜாக்கிரதையில் ஒன்றுதான், உங்கள் மேல் கோபம் ஒன்றும் இருக்காது.

மூன்று வருடம் ஒரே இடத்தில் இருக்கும் காண்ட்ராக்டருக்கு ஒரு ஆபத்து சட்டத்தில் இல்லை, ரேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ரினியூவலிலும் பழைய ரேட்டையே போட்டுக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள், பெர்மனன்ட் ஆட்களுக்கு இதற்குள் மூன்று இன்கிரிமென்ட் ஆகியிருக்கும். அடுத்த ரினியூவலுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே வெளியே இரண்டு இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்து பேசுங்கள். கையில் வேறு ஆஃபர் இல்லாமல் ரேட் ஏற்றச் சொன்னால் 'பட்ஜெட் இல்லை' என்ற பதில்தான் வரும்.

கேள்வி: படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகிறது. நேராகக் காண்ட்ராக்ட்டுக்குப் போனால் சீக்கிரம் சம்பாதிக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. காண்ட்ராக்டரை எடுப்பதே ஏற்கெனவே தெரிந்த வேலையை வந்த முதல் வாரத்திலேயே செய்யத்தான். உனக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமும் இருக்காது, அதற்கான காரணமும் இருக்காது. கோட் ரிவ்யூவில் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டிய நான்கைந்து வருடத்தை அடுத்தவர் செலவிலேயே கற்றுக்கொள், அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: நான் எஸ்ஏபி (கம்பெனி நிர்வாக மென்பொருள்) கன்சல்டன்ட், நாள் கணக்கில் நல்ல வருமானம். ஆனால் வீட்டுக் கடன் கேட்கப் போனால் பெர்மனன்ட்டில் என்னைவிடக் குறைவாக வாங்கும் தோழிக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. அடுத்த வருடம் குழந்தை பற்றியும் யோசிக்கிறோம்.

பதில்: வங்கிக்கு நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதைவிட, அடுத்த வருடமும் வாங்குவீர்களா என்பதுதான் கவலை. தோழி மூன்று மாத பே ஸ்லிப்பைக் காட்டி முடித்துவிடுவார். உங்களிடம் பொதுவாக இரண்டு வருடக் கணக்கு, வரி தாக்கல் செய்த ஆவணம் கேட்பார்கள், அதிலும் வரியைக் குறைக்கச் செலவுகளை ஏற்றிக் காட்டியிருந்தால் அந்தக் குறைந்த வருமானத்தை வைத்துத்தான் கடன் தொகையை முடிவு செய்வார்கள். கடன் வாங்கும் எண்ணம் இருக்கிற இரண்டு வருடம் மட்டுமாவது உள்ளதை உள்ளபடி காட்டி வரி கட்டுங்கள்.

குழந்தை விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பேறுகால விடுப்பில் சம்பளம் வருவது, திரும்பி வரும்போது அதே வேலை இருப்பது, இந்த இரண்டுக்கும் பணமதிப்புப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் பில் போடாமல் இருப்பது சுமார் 130 வேலை நாள். திரும்பி வந்ததும் அடுத்த காண்ட்ராக்ட் தேட ஒரு மாதம். இதை உங்கள் ரேட்டால் பெருக்கி வரும் தொகை கையில் சேமிப்பாக இருந்தால் காண்ட்ராக்ட்டிலேயே இருங்கள், உங்கள் துறையில் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது, திரும்ப எடுப்பார்கள். இல்லையென்றால் இப்போதே ஒரு பெர்மனன்ட் வேலையில் சேர்ந்துவிடுங்கள். இப்போதே என்று சொல்வதற்குக் காரணம், பல இடங்களில் சேர்ந்து குறிப்பிட்ட மாதங்கள் ஆன பிறகுதான் சம்பளத்தோடு விடுப்புக்கு உரிமை வரும்.

கேள்வி: மேலே எல்லோரும் உள்ளே இருந்து வெளியே போகக் கேட்டிருப்பார்கள், நான் உல்டா. ஏழு வருடமாகக் காண்ட்ராக்டர், வயது நாற்பத்து மூன்று. இப்போதைய கிளையன்ட் பெர்மனன்ட்டாக வரச் சொல்கிறார்கள். சம்பளத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கிறது.

பதில்: ஆஃபரில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்க்கிறீர்களா, ஆர்எஸ்யூ, அதாவது கம்பெனி கொடுக்கும் பங்குகள், ஏதாவது இருக்கிறதா? பெரிய தொழில்நுட்பக் கம்பெனி என்றால் பங்குகள்தான் ஆஃபரின் கனமான பகுதியாக இருக்கும், வழக்கமாக நான்கு வருடத்தில் பிரித்துக் கொடுப்பார்கள், சில இடங்களில் முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் வராது. அது இருந்தால் உங்கள் நாள் ரேட்டோடு ஒப்பிட வேண்டிய எண்ணே வேறு.

இல்லை, வெறும் சம்பளம்தான் என்றால் கடந்த ஏழு வருடத்தில் ஒவ்வொரு வருடமும் எத்தனை நாள் பில் போட்டீர்கள் என்று பழைய இன்வாய்ஸ்களை எடுத்து எண்ணுங்கள். ஏழு வருடமும் 210-க்கு மேல் என்றால் உங்களைத் தேடி வேலை வருகிறது, கவலைப்படாமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கடைசி இரண்டு வருடம் மட்டும் 170, 160 என்று சரிந்திருந்தால் சந்தை உங்களுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருக்கிறது. 2000 பிறந்ததும் கணினிகள் தேதியில் குழம்பிவிடும் என்ற ஒய்டூகே பயம் இருந்த சமயத்தில் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்களுக்குக் கேட்ட ரேட் கிடைத்தது, 2000 பிறந்ததும் அந்தப் பரபரப்பு அடங்கிவிட்டது. அதே ஆட்கள், அதே திறமை, தேவை மட்டும் போய்விட்டது. காண்ட்ராக்டருக்கு ஏற்கெனவே தெரிந்ததற்குத்தான் காசு என்பதால், ஏழு வருடமாக ஒரே மாதிரி வேலையையே விற்றுக்கொண்டிருந்தீர்களா என்றும் பாருங்கள். புது சிஸ்டத்தை எப்படிக் கட்டுவது என்ற பேச்சில் பெர்மனன்ட் ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், நமக்கு முடிவான பிறகுதான் ஜிரா என்ற வேலைப் பட்டியல் மென்பொருளில் ஒரு டிக்கெட்டாக வரும். அந்த அறைக்குள் போக வேண்டும் என்று ஆசை இருந்தால் கொஞ்சம் குறைவான சம்பளமும் தப்பில்லை என்பேன். ஆனால் அறைக்குள் விடுவார்களா என்பதைப் பதவியின் பெயரில் எழுதி வாங்குங்கள், சீனியர் டெவலப்பர் என்று போட்டால் அதே டிக்கெட்தான்.

பெர்மனன்ட் என்றால் நிரந்தரம் என்றும் நம்பிவிட வேண்டாம். ஆட்குறைப்பில் முதலில் போவது காண்ட்ராக்டர்தான், அவர்கள் தீர்ந்ததும் மற்றவர்கள்தான். வித்தியாசம் நோட்டீஸ் பீரியடும் கையில் கொடுக்கும் தொகையும்.

கடைசியாக ஒன்று, உங்கள் ஏஜென்சி ஒப்பந்தத்தை எடுத்து கிளையன்ட் உங்களை நேரடியாக எடுத்தால் ஏஜென்சிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். இருந்தால் அதை யார் கட்டுவது என்று கிளையன்டின் ஹெச்ஆரிடம் கேளுங்கள், ஏனென்றால் சில ஹெச்ஆர் அந்தத் தொகையைச் சத்தமில்லாமல் உங்கள் சம்பள ஆஃபரில் குறைத்துவிடுவார்கள். முகம் சுளித்த எண்ணுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.